ஐந்து ஸ்டார் வாங்கிய சைக்கிள்

என் கணவர் கிஷனைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுசனுங்க" என்பார்கள். என்னைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீச்சரம்மா கெமிஸ்ட்ரி நல்லா நடத்துவாங்க" என்பார்கள். இரண்டும் உண்மைதான். துடியலூருக்குக் குடிவந்ததிலிருந்து அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவர் பங்கையும் சேர்த்து நானே உயர்த்திவிடுவேன். வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு. சண்டைக்கு மட்டும் கோயம்புத்தூர்த் தமிழ், அதுவும் பெரும்பாலும் என் பக்கத்திலிருந்து.

அந்தத் தங்கமான மனிதர் காட்டிய மரியாதையால்தான் எங்கள் புது சைக்கிள் கைவிட்டுப் போகப் பார்த்தது.

அது சாதாரண சைக்கிள் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது. முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், இரண்டு பேருக்கும் பெடல். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முன்னால் இருப்பவர் வேலை. பின்னால் இருப்பவர் மிதித்தால் போதும், பாதையைப் பார்க்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அதை ஆன்லைனில் தேடிப் பிடித்து வாங்கினேன்.

கிஷனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாக மூடிக்கொண்டே வருகிற வியாதி. மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும். முகம் தெரியாது, எழுத்துத் தெரியாது. பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவு வேலையை விட்டார். சனிக்கிழமை காலைகளில் நண்பர்களோடு பன்னிமடை, தடாகம் பக்கம் சைக்கிளில் போவதையும் விட்டார். வெளியில் சொன்ன காரணம் முதுகுவலி. டாக்டரையும் என்னையும் சென்னையில் படிக்கும் எங்கள் மகள் மௌனிகாவையும் தவிர ஒருவருக்கும் உண்மை தெரியாது.

"எதுக்கு எல்லாரையும் வெசனப்பட வெச்சுக்கிட்டு?" என்பார்.

அது வெட்கம். எனக்குத் தெரியும். எடுத்துச் சொல்லியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாமல், மூலை அறையே கதியென்று, வீட்டுச் சுவரைத் தடவி நடக்கிற ஆளாக மாறிவிட்டார். எனக்கு வாய்த்தவர் வெயில் ஏறுவதற்குள் தடாகம் வரைக்கும் போய்வந்து, வேர்வை வழிய அடுக்களை வாசலில் நின்று வழியில் பார்த்ததையெல்லாம் கதை சொல்லும் ஆள். அந்த ஆள் எனக்குத் திரும்ப வேண்டும். வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை.

ரெண்டு சீட்டு சைக்கிள் என்றதும் முதலில் முடியவே முடியாது என்றார். "பாத்தவன் எல்லாம் கேப்பானே" என்றார். கேட்டால் கேட்கட்டும் என்றேன். பல நாள் இழுபறிக்குப் பிறகு, "சரி, வரட்டும். ஆனா விடியறதுக்குள்ள, ஆளில்லாத ரோட்டுல மட்டும்தான் வருவேன்" என்று இறங்கிவந்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

பெட்டி வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மதிய இடைவேளையில் கிஷன் போன் செய்தார்.

"வந்துருச்சு ஹரிதா. போர்டிகோவுல வெச்சிருக்குது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம் போல, அத்தனை நீளம்!"

அவர் குரலில் அந்தத் துள்ளலைக் கேட்டு வெகு காலமாகியிருந்தது. கடைசி பீரியடில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நான் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வீட்டு கேட்டைத் திறந்ததும் பெட்டியின் பின்பக்க மூலை கண்ணில் பட்டது. அட்டை கிழிந்து, கையை உள்ளே விடலாம் போல ஓட்டை. அவசரமாகப் பிரித்தேன். பின்சக்கரம் பொரித்த அப்பளம் போல வளைந்து கிடந்தது. கியரைத் தாங்குகிற சின்ன இரும்புத் துண்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"ஏனுங்க, பெட்டி இப்படிக் கிழிஞ்சு கெடக்குது, நீங்க பாக்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கிஷன் கீழே உட்கார்ந்து சக்கரத்தைத் தொட்டார். விரல்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போய், வளைந்த இடத்தில் நின்றன. முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது.

"நல்லதாப் போச்சு விடு" என்றார். "திருப்பி அனுப்பிச்சுப்போட்டுக் காசை வாங்கிக்கலாம். நமக்கு இது சரிப்பட்டு வராதுன்னு அதுவே சொல்லுது."

இந்தப் பெட்டி கேட்டைத் தாண்டி வெளியே போனால் இன்னொரு பெட்டி உள்ளே வர அவர் சம்மதிக்கப்போவதில்லை. சைக்கிள் போவதோடு அவரும் போய்விடுவார், அந்த மூலை அறைக்கு.

"அது ஒண்ணும் சொல்லலை, நீங்கதான் சொல்றீங்க" என்றேன். "புது வீல் கேட்டு வாங்குவேன். சைக்கிள் இங்கேயேதான் நிக்கும்."

படம் எடுத்துப் புகார் அனுப்பினேன். மறுநாள் சனிக்கிழமை, காலையிலேயே பதில் வந்துவிட்டது. மரியாதையான பதில்தான். வாங்கும்போதே பெட்டியைச் சோதித்தீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று நீங்கள் பதில் தந்திருக்கிறீர்கள். பெட்டி சேதமில்லாமல் இருந்ததா என்றதற்கும் 'ஆம்'. டெலிவரி சேவைக்கு ஐந்து ஸ்டார் வேறு. ஆகவே உங்கள் புகாரை ஏற்பதற்கில்லை. பதிவில் தவறு இருந்தால் இன்று மாலைக்குள் அழைத்துப் பேசவும்.

நான் கிஷனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த 'ஆம்' எல்லாம் யாரு போட்டது?"

"வேலன்னு ஒரு தம்பி. டெலிவரிக்கு வந்தவரு" என்றார் மெதுவாக. "பாவம், உச்சி வெயிலு. அத்தனை பெரிய பெட்டியை ஒத்தை ஆளா எறக்கி வெச்சாரு. மோர் குடுத்தேன். வந்த மனுசனை நிக்க வெச்சுட்டுப் பெட்டியைத் தடவிக்கிட்டிருந்தா சந்தேகப்படறாப்ல ஆயிருமில்ல? அப்பறம் அவரு செல்லை என்கிட்ட நீட்டி, 'கேள்வி வரும், பதிலைத் தொட்டுருங்க சார்'னாரு. எழுத்துத் தெரியலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை ஹரிதா. 'நீங்களே போட்டுக்குங்க தம்பி'ன்னு சொல்லிப்போட்டேன்."

"அந்த அஞ்சு ஸ்டாரு?"

"அது மட்டும் நான் சொன்னதுதான். நல்லாப் பேசுனாரு."

இதென்ன கெரகம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அதைப் பெட்டியில் போட்டு ஆன்லைனில் விற்கலாம். வாங்குபவன் திருப்பி அனுப்பவே மாட்டான், கேட்டால் மனம் நோகுமே என்று.

நான் போனைக் கையில் எடுத்த நேரம் பார்த்து கேட்டில் பாலகோபாலின் குரல் கேட்டது. கிஷனோடு சைக்கிள் விட்ட கூட்டத்தின் தலைவர் அவர்தான். பல்லடத்தில் நூல் வியாபாரம். சனிக்கிழமை ரவுண்டு முடித்துத் திரும்பும்போது பெட்டியைப் பார்த்திருக்கிறார். கையில் வழக்கம்போல ஒரு தைலப் பாட்டில். வியாபார விஷயமாகப் பாலக்காடு போகும்போதெல்லாம் கிஷன் முதுகுக்கு என்று வாங்கி வருவார்.

"ஏண்டா, முதுகுவலிக்காரனுக்கு எதுக்குடா ரெண்டு சீட்டு சைக்கிளு?" என்றார் சிரித்துக்கொண்டே.

"ஹரிதாவுக்குக் கத்துக்குடுக்கலாம்னு..." என்று கிஷன் இழுத்தார்.

நான் பல்லைக் கடித்தேன். பாலகோபால் அதற்குள் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து, "அடக் கொடுமையே, இதை இப்படியா அனுப்புவானுக?" என்று கொதித்தார். ஆமாண்ணா, கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லி, கிஷனுக்கும் கேட்கட்டுமே என்று ஸ்பீக்கரில் போட்டு கம்பெனிக்கு அழைத்தேன்.

ரித்திகா என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு பெண் பேசினாள். சின்ன வயசுக் குரல். நான் சத்தம் போட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"மேம், ரெண்டு விதமாத்தான் பார்க்க முடியும்" என்றாள். "கஸ்டமரே செக் பண்ணி ஓகே சொல்லியிருந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. டெலிவரி பண்ணவரே பதிலைப் போட்டுக்கிட்டிருந்தா அது பெரிய தப்பு. அவரை வேலையிலிருந்து எடுத்துட்டு, உங்களுக்குப் புது வீல் உடனே அனுப்பிடுவோம். அவர்தான் போட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேம்."

அவன்தான் போட்டான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பெட்டியில் அத்தனை பெரிய ஓட்டை, இறக்கிவைத்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? யார் பெற்ற பிள்ளையானால் எனக்கென்ன, என் வீட்டுக்காரர் வெளியே வர வேண்டும். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

கிஷனின் கை காற்றில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தது.

"குடு ஹரிதா" என்றார். போனை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, நான் கிஷன் பேசறேனுங்க. பெட்டியை வாங்குனது நாந்தான். அந்தத் தம்பி மேல தப்பில்லீங்க. நான் போடச் சொல்லித்தான் அவரு போட்டாரு."

"அப்போ நீங்க பெட்டியைச் செக் பண்ணீங்களா சார்?"

"இல்லீங்க."

"ஏன் சார் பண்ணலை? நான் இங்க காரணம் எழுதணும்."

பாலகோபால் வளைந்த சக்கரத்தைக் கையில் வைத்தபடி கிஷனையே பார்த்தார். எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. வேண்டாம், விட்டுவிடுங்கள், சைக்கிளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போல எனக்கு இருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார் கிஷன்.

அந்தப் பெண் குரலைத் தணித்து, "சார்... ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, மேல கேட்டுட்டு வர்றேன்" என்றாள். போனில் ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது. துள்ளலான பாட்டு. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிஷன் நின்றார்.

பாலகோபால் சக்கரத்தைச் சுவரோரம் மெல்லச் சாய்த்துவைத்தார்.

"அப்ப முதுகு?"

"முதுகுக்கு ஒண்ணுமில்லடா."

"நான் பாலக்காட்டுல இருந்து வாங்கியாந்த தைலம் எல்லாம்?"

"அலமாரியில இருக்குது. ஒண்ணையும் ஒடைக்கலை."

"அடத் திருட்டு ராஸ்கல்" என்றார் பாலகோபால். குரல் உடைந்துவிட்டது. "சொன்னா நாங்க என்னடா செஞ்சிருப்போம்? சிரிச்சிருப்பமா?"

"சிரிச்சாத் தேவலைன்னு இருந்திருப்பேன். பாவப்பட்டிருப்பீங்க."

"பாவப்பட்டா என்னடா? கூட வந்து நின்னிருப்பமில்ல? இத்தனை நாளா நீ வராம, கணுவாய் ஏத்தத்துல எவனும் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசறதில்லை தெரியுமா? ஊமைக் கூட்டமாப் போயிட்டு வாரோம்."

அவர் கிஷனின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டார். போன் பாடிக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுகை மட்டும் நன்றாக வந்தது.

பாட்டு நின்றது. "சார், வாடிக்கையாளரால படிக்க முடியாததால அவர் சொல்லி மற்றவர் பதிவு செஞ்சதுன்னு எழுதியாச்சு. புது வீலும் அந்த கியர் பார்ட்டும் அனுப்பறோம்" என்றாள் ரித்திகா.

"அந்தத் தம்பிக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?"

"ஆகாது சார். கேள்வியைப் படிச்சுக் காட்டணும்னு மட்டும் சொல்லுவோம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நல்லா ஓட்டுங்க சார்" என்றாள்.

புது வீல் பெட்டி வேலன் கையிலேயே வந்தது. அன்று நானும் வீட்டில் இருந்தேன். மோரை எடுத்து வரட்டுமா என்றதற்கு, "இரு, பெட்டியைப் பாத்துக்கறேன்" என்றார் கிஷன். போர்டிகோவில் உட்கார்ந்து நான்கு மூலையையும், அடிப்பக்கத்தையும், ஒட்டிய டேப்பின் ஓரங்களையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். வேலன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றான். "ஓட்டையை நானும் பாத்தனுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையா, சரி, பெருசா எடுத்துக்கலைன்னு நெனச்சுப்போட்டேன். ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சப்ப கைகால் ஓடலீங்க."

"நானும் சொல்லலை, நீங்களும் சொல்லலை" என்று கிஷன் சிரித்தார். "இப்பக் கேள்வியைப் படிங்க. ஒவ்வொண்ணா."

வேலன் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும் பையன் போல ஒவ்வொரு கேள்வியாக வாசித்தான். கிஷன் பதில் சொன்னார். கடைசியாக, "டெலிவரி ஆளுக்கு எத்தனை ஸ்டாருங்க சார்?" என்று கேட்டான்.

"நாலு."

வேலன் முகம் சுருங்கிவிட்டது. அதைக் கிஷன் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் உடனே, "சும்மா லொள்ளுக்குச் சொன்னேனுங்க, அஞ்சே போடுங்க" என்றார். பிறகுதான் மோர் வந்தது.

பாலகோபால் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டப் பழகுவதற்குள் நான் தெருக்கோடி மைதானத்தில் விழாத இடமில்லை. விழும்போதெல்லாம் பின்னால் இருந்தவரையும் சேர்த்துத்தான் கவிழ்த்தேன். "பள்ளம்னு சொல்லிட்டுத் தள்ளிவிடு அம்மணி, நான் தயாரா இருப்பனில்ல" என்பார் முழங்காலைத் தடவிக்கொண்டே.

முதல் சனிக்கிழமை வந்தது. அவர் போட்ட நிபந்தனைப்படி விடியும் முன்பே கிளம்புவதற்காக அலாரம் வைத்திருந்தேன். அது அடித்ததும் கிஷன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"இத்தனை இருட்டுல எங்க போறது? உனக்குப் பாதை தெரிய வேண்டாமா?" என்றார். "வெளிச்சம் வரட்டும். பாலகோபால் கூட்டம் வந்ததும் சேந்து போலாம்."

அடுக்களைக்குப் போய், காரணமே இல்லாமல் இரண்டு தடவை அடுப்பைத் துடைத்தேன்.

நல்ல வெளிச்சத்தில்தான் போனோம். கடைக்காரர்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பன்னிமடை தாண்டியதும் மேற்கே மலை முழுதாகத் தெரிந்தது. மேகம் எதுவரை இறங்கியிருக்கிறது, எந்தத் தோப்பில் வாழை குலை தள்ளியிருக்கிறது, எந்த வளைவில் நாய் படுத்திருக்கிறது என்று நான் மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். முன்பெல்லாம் அவர் வந்து எனக்குச் சொல்லும் கதை. பின்னால் அவருடைய கால்கள் என் கால்களைத் தள்ளிக்கொண்டே வந்தன. மேட்டில் நான் சோர்ந்தபோது சைக்கிள் நிற்கவே இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாக வந்து வாய் ஓயாமல் பேசினார்கள்.

கணுவாயில் வழக்கமான டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் கிஷனைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"வாங்க சார், வாங்க! எத்தனை நாளாச்சுங்க! முதுகுவலி சரியாப் போச்சுங்களா?"

பாலகோபால் எதையோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதுகு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் கிஷன். "கண்ணுதான் தெரியறதில்லை. டீயில சக்கரை கம்மியாப் போடுங்க."

கடைக்காரர் உள்ளே போய், சக்கரை கம்மியாக ஒரு டீ போட்டு எடுத்து வந்து, கிஷனின் கையைப் பிடித்து கிளாஸை வைத்தார். "சூடுங்க சார், மேல புடிச்சுக்குங்க" என்றார். கிஷன் ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

நான் மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"மூக்கை உறிஞ்சாத ஹரிதா" என்றார் பின்னாலிருந்து. "காது எனக்கு நல்லாத்தான் கேக்குது."